மீட்டர் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகள்

அங்காசி ஊர் டாக்சி ஸ்டாண்டில் வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவர்களில் மீட்டர் கேபிளைக் கழற்றத் தெரியாதவன் ஒருவன்கூடக் கிடையாது. டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு அமுக்கு, ஒரு இழுப்பு, கேபிள் கையோடு வந்துவிடும். அதற்கப்புறம் வண்டி எத்தனை மலை ஏறி இறங்கினாலும் கிலோமீட்டர் எண் நகராது. வேகம் காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கும். வண்டிச் சொந்தக்காரர் வீட்டில் நிம்மதியாக இருப்பார், டிரைவர் தன் கணக்கில் ஒரு சவாரி அடித்துவிட்டு வருவான். இதைத் திருட்டு என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. "வண்டி காத்து வாங்கப் போயிருக்கு" என்பார்கள். பெயர் வைப்பதில் மட்டும் டிரைவர்களுக்குக் குறைச்சலே இல்லை.

எவாரிஸ்தோவும் அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் காற்று வாங்கிக்கொண்டிருந்தான். விடியற்காலையில் கேபிளைக் கழற்றுவான், மலைக்கு அந்தப்புறம் இருக்கும் தங்கச் சுரங்கத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவான், சாயங்காலம் திரும்பி வந்து ஊர் எல்லையில் கேபிளை மாட்டுவான். ஹெர்மெலிந்தாவிடம், ஊர் எல்லையை ஒட்டி மலையடிவாரத்தில் இருக்கும் மாமியாரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்வான். இப்படி நாலு வருஷம். மீட்டரில் ஏறாமல் போன தூரம் எவ்வளவு என்று அவனுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

ஹெர்மெலிந்தாதான் வண்டிக்குச் சொந்தக்காரி. அவளுடைய மகள் லிஸ்பெத்துக்கு எவாரிஸ்தோ ஞானத்தகப்பன், அவள் வாயில் பத்ரீனோ. ஞானஸ்நானத்துக்கு முன்னால் அவனும் ஹெர்மெலிந்தாவும் ஒரே தெருவில் நீ, வா, போ என்று பேசித் திரிந்தவர்கள்தான். குழந்தையின் தலையில் பாதிரியார் தண்ணீர் ஊற்றிய நிமிஷத்திலிருந்து அவன் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவனுக்குக் கொமாத்ரே. நீங்க, வாங்க, போங்க. கூடப்பிறந்தவர்களை ஏமாற்றினாலும் ஏமாற்றலாம், கொமாத்ரேயை ஏமாற்றக் கூடாது என்பது அந்த மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எவாரிஸ்தோவுக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தான்.

வண்டியை வாங்கியவர் ஹெர்மெலிந்தாவின் புருஷன் சதுர்னீனோ. சுரங்கத் தூசி நெஞ்சில் இறங்கிப் படுத்த படுக்கையான மனிதர். படுப்பதற்கு முன்னால் தன் கையாலேயே இன்ஜினுக்குப் புது டைமிங் பெல்ட்டை மாட்டி வைத்தார். பிறகு பெண்டாட்டியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மூணு லட்சம் காட்டுறப்போ மாத்து. அதுக்கு முன்னாடி மாத்தணும்னு எவனாவது சொன்னா அவன் உன்ன ஏமாத்துறான். அதுக்கப்புறமும் ஓட்டினா நீயே உன்ன ஏமாத்திக்கிற." அவர் விட்டுப்போன சொத்தில் வண்டிக்கு அடுத்தது இந்த வாக்குத்தான். தினமும் வண்டி வாசலுக்கு வந்ததும் ஹெர்மெலிந்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடி வழியே அந்த எண்ணை எட்டிப் பார்ப்பாள். உதட்டை அசைத்து ஒருமுறை படிப்பாள். பிறகுதான் உள்ளே போவாள்.

ஒருநாள் ரேடியேட்டர் குழாய் ஒழுகியது. எவாரிஸ்தோ வண்டியைக் கிளீமாக்கோவின் பட்டறைக்குக் கொண்டுபோனான். ஊரிலேயே ஒரே மெக்கானிக். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். ஒழுகிய தண்ணீர் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்ப்பதற்காக அவன் பெல்ட் மூடியைக் கழற்றினான். டார்ச்சை அடித்துப் பார்த்தவன் சும்மா நின்றுவிட்டான்.

"டேய் எவாரிஸ்தோ, இங்க வா. இது என்னன்னு சொல்லு."

"பெல்ட்டு."

"பெல்ட்டாம்ல. உருளக்கிழங்கு காட்டுல நடந்த கிழவன் குதிகால் மாதிரி வெடிச்சுக் கிடக்கு. ஓரத்துல நூல் தொங்குது பாரு. மீட்டர் எவ்வளவு காட்டுது?"

எவாரிஸ்தோ சொன்னான். மூன்று லட்சத்துக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.

"மீட்டர் கெடக்கட்டும். நெசமா எவ்வளவு?"

எவாரிஸ்தோ தரையில் கிடந்த ஒரு நட்டைக் காலால் உருட்டினான்.

"சரி, சொல்லாத. எனக்குக் கண்ணு இருக்கு. மாத்திடு."

"எத்தன நாள் தாங்கும்?"

"நாளைக்கும் போவும், அடுத்த வருஷமும் போவும். பிரேக்குன்னா கத்தும், கிளட்சுன்னா வழுக்கும். இந்தச் சனியன் வாயே தெறக்காது. அறுந்தா அறுந்ததுதான். அப்புறம் வால்வெல்லாம் பிஸ்டன்ல இடிச்சு வளஞ்சு, இன்ஜின் மொத்தமும் போச்சு."

"அந்தம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"நெசத்தச் சொல்லு."

"சொல்றேன். கேபிள் சுலுவா வரணும்னு கிளிப்ப அரத்தால தேச்சுக் குடுத்த புண்ணியவான் யாருன்னும் சேத்துச் சொல்லிடவா?"

கிளீமாக்கோ டார்ச்சை அணைத்தான். மூடியை எடுத்துப் பழையபடி பூட்டினான். குழாய்க்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டான்.

எவாரிஸ்தோ யோசிக்காமல் இல்லை. யாருக்கும் தெரியாமல் தானே ஒரு பெல்ட் வாங்கிப் போட்டுவிடலாம். மலை தாண்டிக் கீழே இருக்கும் நாஸ்கா பட்டணத்திலிருந்து வரவழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பட்டறையில் நிறுத்தினால் முடிந்தது காரியம். ஒரே ஒரு ஞாயிறு. ஆனால் அந்த வருஷம் வாய்க்கால் திருவிழாவின் செலவுப் பொறுப்பை அவன் தன் தலையில் தூக்கி வைத்திருந்தான். யாழ்க்காரருக்கும் வயலின்காரருக்கும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கத்தரிக்கோலைத் தட்டித் தாளம் போட்டு ஆடும் ஆட்டக்காரன் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறான். பெண்டாட்டி ஒதீலியாவின் அண்ணன்மார் மூன்று பேரும், இவன் என்ன கிழிக்கப் போகிறான் பார்க்கலாம் என்று காத்திருக்கிறார்கள். சுரங்கத்து ஞாயிறு போனால் திருவிழாவில் சோள மது குறையும், மது குறைந்தால் மானம் போகும். அதனால் இந்த ஞாயிறு வேண்டாம், அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றான். அடுத்த ஞாயிறு வந்தபோதும் அதையேதான் சொல்லிக்கொண்டான்.

ஆனாலும் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. மலை ஏறும்போதெல்லாம் இன்ஜின் பக்கம் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு ஓட்டினான், அந்தச் சனியன் சத்தம் போடாது என்று தெரிந்திருந்தும். கடைசியில் ஒருநாள் மத்தியானம் ஹெர்மெலிந்தா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தான். வேகவைத்த சோளமும் சீஸும் தட்டில் இருந்தன. லிஸ்பெத் நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் என்று சொல்லிக்கொண்டவன் காட்டுப் பக்கம் வேலைக்குப் போனவன்தான், அப்புறம் தகவலே இல்லை.

"கொமாத்ரே, அந்த டைமிங் பெல்ட்ட மாத்திடலாம்னு பாக்குறேன்."

"ஏன், மூணு லட்சம் ஆயிடுச்சா? நேத்துப் பாத்தேனே."

"ஆகல. இருந்தாலும் ரப்பர்தானே. கிலோமீட்டர் மட்டும் கணக்கில்ல, வருஷமும் கணக்குதான்."

"கிளீமாக்கோ காதுல ஓதிட்டானா? அவன் பட்டறைக்குப் புதுத் தகரம் போடணும், அதுக்கு ஏமாந்தவ நான் கெடச்சேன். கொம்பாத்ரே, சாகப்போற மனுஷன் பொய் சொல்லுவாரா? மூணு லட்சம்னு அவரு சொன்னாருல்ல?"

"சொன்னாரு."

"அம்மா," என்றாள் லிஸ்பெத், "பத்ரீனோ சும்மா சொல்ல மாட்டாரு. செத்தவருக்கு நாலு வருஷமா வண்டியே தெரியாது. இவருதான தெனமும் ஓட்டுறாரு."

"உங்கப்பாவ எதுத்துப் பேச வேற ஆளே வேணாம்டி, நீ ஒருத்தி போதும்," என்றாள் ஹெர்மெலிந்தா. ஆனால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். எவாரிஸ்தோவை நேராகப் பார்த்தாள்.

"நெசமாவே மாத்தித்தான் ஆகணுமா, கொம்பாத்ரே? நீங்க ஆகணும்னு சொன்னா நாளைக்கே மாத்துறேன். எண்ணு ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. அதனாலதான் கேக்குறேன்."

ஆகணும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கேபிளைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் திருடனுக்குத்தான் எல்லாக் கேள்வியும் முன்கூட்டியே காதில் விழும். ஏன் ஆகணும், எப்படித் தேஞ்சுது, வாங்க கிளீமாக்கோவையே கேட்போம் என்று அவள் கிளம்பிவிட்டால்? எவாரிஸ்தோ வாயில் இருந்த சோளத்தை மென்றான். தேவைக்கு அதிகமாகவே மென்றான்.

"ஆகணும்னு இல்ல. மாத்தினா நல்லது."

"வண்டி எத்தன நாள் நிக்கும்?"

"பெல்ட்டு நாஸ்காலேர்ந்து வரணும். ரெண்டு மூணு நாளாவது."

"ஐயோ, அதெல்லாம் வேணாம். இவளுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. வண்டி வாசல்லயே நிக்கணும். புள்ள பொறக்கட்டும், மறுநாளே மாத்திடலாம். அதுவரைக்கும் தாங்கும்ல?"

"தாங்கும்," என்றான் எவாரிஸ்தோ.

யோசிக்காமல் சொன்னான். சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது அவனுக்கு. முடிவு அவளுடையது, இவன் கேட்டாகிவிட்டது, இனிமேல் யார் என்ன சொல்ல முடியும்? இன்னொரு தட்டு சோளம் வாங்கிச் சாப்பிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லவே வாய் கூசுகிறது, மறுபடியும் கேபிளைக் கழற்றிவிட்டுச் சுரங்கத்துக்குப் போய் வந்தான்.

புதன்கிழமை காலையில் லிஸ்பெத்துக்கு வலிக்கு முன்னால் ரத்தம் வந்துவிட்டது. சுகாதார நிலையத்து நர்ஸ் பார்த்த உடனே கையை விரித்துவிட்டாள். "இங்க வெச்சுக்க முடியாது. ஆம்புலன்ஸ் காலைலயே வேற ஆள ஏத்திக்கிட்டுக் கீழ போயிடுச்சு. உங்க வண்டிதான் இருக்கே, நாஸ்காவுக்குப் பறங்க." குளுக்கோஸ் பாட்டிலை ஜன்னலுக்கு மேலிருந்த கொக்கியில் அவளே கட்டிவிட்டாள். ஹெர்மெலிந்தா பின்சீட்டில் உட்கார்ந்து மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

எவாரிஸ்தோ ஓட்டினான். அவன் மோசமான டிரைவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பள்ளத்தில்கூட சக்கரத்தை இறக்காமல், ஒவ்வொரு வளைவிலும் பாட்டில் ஆடாமல் ஓட்டினான். மலை ஏற ஏற லிஸ்பெத்தின் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. இருந்தாலும் வாய் ஓயவில்லை.

"பத்ரீனோ, இவ்வளவு மெதுவா நீங்க ஓட்டி நான் பாத்ததே இல்ல."

"பேசாம படு புள்ள."

"பேச்ச நிறுத்தினா அம்மா பயந்துடுவாங்க."

ஏற்றம் முடிந்து மேட்டுச் சமவெளி தொடங்கும் இடத்தில் இன்ஜின் நின்றது. வெடிக்கவில்லை, அதிரவில்லை, யாரோ சாவியைத் திருப்பி அணைத்தது மாதிரி நின்றது. வண்டி கொஞ்ச தூரம் தானாக உருண்டு போய்ச் சாலையோரத்தில் அடங்கியது. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. தூரத்தில் நீளக் கழுத்து விக்கூன்யாக்கள் நாலைந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய ஆரம்பித்தன.

எவாரிஸ்தோ செல்ஃப் அடித்தான். எப்போதும் முக்கிக்கொண்டு சுற்றும் இன்ஜின் அன்று எந்தத் தடையும் இல்லாமல், காற்றாடி போல லேசாகச் சுற்றியது. பெல்ட் அறுந்த இன்ஜின்தான் அப்படிச் சுற்றும். இன்னொரு தரம் அடித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அடித்தான்.

"என்ன ஆச்சு, கொம்பாத்ரே?"

"தெரியல. பாக்குறேன்."

இறங்கிப் பானெட்டைத் தூக்கினான். திறந்த பானெட் அவனை அவர்களிடமிருந்து மறைத்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், சூடான இன்ஜின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றான். அங்கேதான் அழுதான். சத்தம் வராமல் இருக்கச் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டான். சதுர்னீனோ மாட்டிய பெல்ட், நான் தின்ற பெல்ட் என்று திரும்பத் திரும்ப ஓடியது மனசுக்குள்.

"பத்ரீனோ," லிஸ்பெத்தின் குரல் கேட்டது. "வண்டிக்கும் வலி எடுத்துடுச்சா?"

"ஆமா புள்ள. கொஞ்சம் பொறு."

போனில் சிக்னல் இல்லை. அவன் சாலை நடுவில் போய் நின்றான். வழிப்பறி நடக்கும் சாலை அது, கை காட்டுகிறவனுக்கு யாரும் நிறுத்த மாட்டார்கள். ஒரு டேங்கர் ஹாரனை அடித்துக்கொண்டே அவனை ஒதுங்க வைத்துவிட்டுப் போனது. ஒரு சின்ன வேன் வேகத்தைக் குறைத்தது, பிறகு என்ன நினைத்தார்களோ, பறந்துவிட்டது. நடுவில் அவன் வந்து தன் ஜாக்கெட்டைக் கழற்றி லிஸ்பெத்மேல் போர்த்தினான். சீட் முழுக்க ஈரம். பாட்டில் காலியாகியிருந்தது. ஹெர்மெலிந்தா ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு மகளின் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, குளுருது."

"இதோ, இதோ கெளம்பிடும். உங்க பத்ரீனோ பாத்துக்கிட்டு இருக்காரு பாரு."

கடைசியில் தாது ஏற்றிய லாரி ஒன்று வந்தபோது எவாரிஸ்தோ தார்மேல் படுத்துவிட்டான். லாரிக்காரன் பிரேக் அடித்து, கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே இறங்கினான். பின்சீட்டைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்தினான். மூன்று பேருமாகத் தூக்கி அவளை லாரி கேபினில் படுக்க வைத்தபோது லிஸ்பெத் பேசவில்லை. நாஸ்கா ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் கேபினுக்குள் ஏறிப் பார்த்துவிட்டு, ஸ்ட்ரெச்சரை அவசரப்படுத்த வேண்டாம் என்று மட்டும் சொன்னார். வயிற்றிலிருந்த பிள்ளையும் போயிருந்தது. பையன்.

அடக்கம் முடிந்த மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கிளீமாக்கோ மூடியைத் திறந்தான். பெல்ட் இரண்டு துண்டாகக் கிடந்தது, பல்லெல்லாம் உதிர்ந்திருந்தது. ஹெர்மெலிந்தா அதைப் பார்த்தாள். பிறகு வண்டியைச் சுற்றிப் போய்க் கண்ணாடி வழியே எண்ணைப் பார்த்தாள். உதட்டை அசைத்துப் படித்தாள்.

"மூணு லட்சத்துக்கு இன்னும் தூரம் இருக்கே," என்றாள்.

கிளீமாக்கோ எவாரிஸ்தோவைப் பார்த்தான். எவாரிஸ்தோ தரையைப் பார்த்தான்.

"சில பெல்ட்டு அப்படித்தான்," என்றான் கிளீமாக்கோ. "ரப்பர்தானேம்மா. வருஷமும் கணக்குதான்."

அவள் அந்த வார்த்தையை ஏற்கெனவே கேட்டிருக்கிறோமே என்கிற மாதிரி நின்றாள்.

ஐந்தாம் நாள் துணி துவைக்கும் நாள். செத்தவரின் உடுப்புகளை உறவுகளும் ஞானப் பெற்றோரும் ஆற்றுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக் கல்லில் உலர்த்துவார்கள். துவைத்து முடிப்பதற்குள், செத்தவருக்கோ அவருக்கு வேண்டியவர்களுக்கோ தப்பு செய்தவர்கள் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் வாய் திறந்து பதில் சொல்லியாக வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காமல் போனால் செத்த ஆன்மா மலையைத் தாண்டாது, அங்கேயே குளிரில் நிற்கும்.

எவாரிஸ்தோ அன்று சொல்லிவிடுவது என்று முடிவோடுதான் போனான். வாக்கியத்தைக்கூட மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தான். முதலில் பாவாடைகள் முடியட்டும் என்றிருந்தான். பாவாடைகள் முடிந்தன. ஸ்வெட்டர்கள் ஆகட்டும் என்றான். பிள்ளைக்கென்று லிஸ்பெத் பின்னி வைத்திருந்த குல்லாவையும் சாக்ஸையும் யாரோ தண்ணீரில் போட்டபோது அவனால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. கம்பளி ஒன்றுதான் பாக்கி, அதை எடுக்கும்போது சொல்லிவிடலாம் என்று எழுந்தான்.

ஹெர்மெலிந்தா முந்திக்கொண்டாள். ஈரக் கையோடு நேராக அவன் முன்னால் வந்தாள். ஆற்றங்கரைக் கற்கள்மேல் முழங்காலிட்டாள்.

"கொம்பாத்ரே, நீங்க அன்னிக்கே சொன்னீங்க. மாத்திடலாம்னு சொன்னீங்க. நான் செத்த மனுஷன் பேச்சப் புடிச்சுக்கிட்டேன், அந்த எண்ணப் புடிச்சுக்கிட்டேன். புள்ள பொறக்கட்டும்னு நாந்தான் தள்ளிப் போட்டேன். அவ உங்களுக்கும் மகதான். உங்க மகள நாந்தான் கொன்னுட்டேன். என்ன மன்னிச்சுடுங்க."

ஆற்றில் நின்றவர்கள் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். ஒதீலியாவும் நிறுத்தினாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் தெரியும், அந்தப் பணத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. அவள் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவாரிஸ்தோ வாயைத் திறந்தான். தயார் செய்து வைத்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. எதிரே முழங்காலிட்டிருந்தவளின் தலையில் கறுப்புத் துணி நழுவியிருந்தது, ஒரே வாரத்தில் நரைத்த மாதிரி முடி. சொன்னால் இவள் எழுந்துவிடுவாள். இவள் எழுந்தால் அப்புறம் இந்த ஊரில் நான் எங்கே நிற்பது என்று நினைத்தான். அதைத்தான் நினைத்தான், வேறு எதையும் நினைக்கவில்லை.

"எந்திரிங்க, கொமாத்ரே," என்றான். "ஆண்டவர் நம்ம ரெண்டு பேரையும் மன்னிக்கட்டும். நான் மன்னிச்சுட்டேன்."

அவள் அவன் கையை எடுத்து முத்தமிட்டாள். கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒதீலியா குனிந்து மறுபடி துணியை அலச ஆரம்பித்தாள்.

"இன்ஜினுக்கு வால்வு மாத்தணும்னு கிளீமாக்கோ சொல்றான்," என்றாள் ஹெர்மெலிந்தா, முகத்தைத் துடைத்துக்கொண்டே. "ஓட ஆரம்பிச்சா நீங்கதான் ஓட்டணும். எத எப்ப மாத்தணுமோ நீங்களே சொல்லுங்க. அந்த எண்ண நான் இனிமே எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

"சரி, கொமாத்ரே."

அவள் லிஸ்பெத்தின் கம்பளியைத் தண்ணீரிலிருந்து இழுத்தாள். தனியாகப் பிழிய முடியாத கனம். ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு, அவள் முறுக்கிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக முறுக்கினான்.